லினக்ஸில் இதெல்லாம் சாதாரணம்

சிவராசா தன் பெயரை மறுபடியும் அடித்தார். திரையில் ஓர் எழுத்துக்கூட விழவில்லை.

"உங்கள் பெயர்?" என்று கேட்ட கட்டம் வெறுமையாகவே கிடந்தது. கீபோட்டைக் கவிழ்த்துத் தட்டினார். பற்றரியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். கடைசியில் வெட்கத்தை விட்டு வாயாலும் சொல்லிப் பார்த்தார். லினக்ஸ் அசையவில்லை.

"எழுத்து விழுகுதில்லையடா, அனோஜன்."

அனோஜன் அவருடைய மனைவி சுபத்திராவின் தம்பி. முருங்கனில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவன். "விண்டோஸ் முழுக்க வைரஸ் அத்தான், லினக்ஸைப் போடுங்கோ, சும்மா கிடைக்குது" என்று சீடியைத் தந்து இந்த வில்லங்கத்தைத் தொடக்கி வைத்த புண்ணியவானும் அவன்தான்.

"அது டிரைவர் பிரச்சினை அத்தான். லினக்ஸில இதெல்லாம் சாதாரணம்" என்றான் ஃபோனில். "கொஞ்சம் பொறுங்கோ. தானாக் கண்டுபிடிக்கும்."

கீபோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக் கதிரையில் சாய்ந்தார் சிவராசா. கொஞ்ச நேரத்தில் கட்டத்துக்குள் ஓர் எழுத்து விழுந்தது. பிறகு இன்னொன்று. தேடித் தேடி அடிப்பதுபோல, அவசரமில்லாமல், ஆறுதலாக. ஆங்கில எழுத்தில் அங்கே நின்ற தமிழ்ச் சொல் 'யார்'.

அவர் மடியைப் பார்த்தார். இரண்டு கையையும் பார்த்தார். கட்டின கை கட்டினபடியே இருந்தது. ஃபோனை எடுத்து நடந்ததைச் சொன்னார்.

"பாத்தியளே, தானாக் கண்டுபிடிச்சிட்டுது" என்றான் அனோஜன்.

கடவுச்சொல் கேட்ட இடத்திலும் கறுப்புப் புள்ளிகள் அதே ஆறுதலோடு விழுந்தன. மவுஸ் மட்டும் சொல்வழி கேட்டது, அது வயர் உள்ள மவுஸ். அதைக் கொண்டே ஒவ்வொன்றாக அமத்தி ஒருவாறு கரை சேர்ந்தார். எல்லாம் முடிந்ததும் திரை நிறம் மாறி, "நல்வரவு, யார்" என்றது. அவருடைய கொம்பியூட்டர் அவருடைய பெயரில் இல்லை.

அந்தப் பெட்டியை நம்பித்தான் அவர் கடிதம் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்று போட இருந்தார். பெட்டியை விடப் பெரிய விஷயம் வீடு. யுத்தத்தில் ஊர் ஊராக எழுப்பப்பட்டு, முகாமில் கூடாரத்துக்குள் கிடந்து, கடைசியில் மன்னார்த் தீவில் கிடைத்த கூரை இது. "இனி ஆர் சொன்னாலும் இந்த வாசலை விட்டு இறங்கன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்.

ஒரு சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு வீடு. மற்றப் பக்கத்தில் றஊப்பும் மனைவி பிள்ளைகளும் தாய் ஹவ்வா உம்மாவும். தொண்ணூறில் முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியேற்றியபோது வெறுங்கையோடு புத்தளத்துக்குப் போய், இருபது வருடம் கழித்துத் தங்கள் சொந்த வீட்டுக்கு இப்போதுதான் திரும்பி வந்தவர்கள். உதவி நிறுவனம் ஒன்று இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கொம்பியூட்டர் கொடுத்தது. பெட்டி பாரம் என்பதால், வயரில்லாத கீபோட்டை மட்டும் வெளியே எடுத்து, ரிபன் கட்டி, படத்துக்காகக் கையில் கொடுத்தார் வந்திருந்த பிரமுகர். படம் சரிவரவில்லை என்று இரண்டையும் பிடுங்கி, ஆட்களை இடம்மாற்றி நிறுத்தி, திரும்பவும் கொடுத்தார். ஆளுக்கு ஒரு மைலோ பக்கற்றும் கிடைத்தது.

சுபத்திரா திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஆர் இதை எழுதினது?"

"லினக்ஸ்."

"அதுக்கு ஏன் நாங்கள் ஆரெண்டு தெரியவேணும்?"

அவர் திரும்பவும் ஃபோனை எடுத்தார். அனோஜனிடம் அதற்கும் ஒரு மருந்து இருந்தது. "தமிழ்க் கீபோட்டைப் போட்டு விடுங்கோ அத்தான். ஆங்கில எழுத்தில அடிச்சால் தமிழில விழும். சிலவேளை அதோட எல்லாம் சரிவரும்."

மவுசால் தேடிப் பிடித்துத் தமிழைப் போட்டார். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்தார். இவ்வளவு நேரமும் ஆங்கில எழுத்தில் கிறுக்கிய அது, இப்போது நல்ல தமிழில் எழுதியது.

'யாரு நீங்க'

வெளியே பின்னேர வெயில் சுள்ளென்று எரிந்தது. காற்று விழுந்து பனையோலைகூட ஆடவில்லை. வேலியோரம் நின்ற இரண்டு கழுதைகள் மேய்வதை விட்டுவிட்டு யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றன.

"வீட்டில ஆரோ இருக்கினம்" என்றாள் சுபத்திரா. "இருபது வருசம் பூட்டிக் கிடந்த வீடு. உள்ளுக்க ஆர் செத்தினமோ. இது போகாட்டி நான் நறுவிலிக்குளத்துக்கு அம்மாட்டப் போயிடுவன். பகிடி இல்ல, உண்மையாச் சொல்லுறன்."

சிவராசா எழும்பி யன்னலைச் சாத்தினார். அவள் போனால் வீடு என்ன வீடு?

"றஊப்பைக் கூப்பிடட்டோ?"

"விசரே உங்களுக்கு? இப்பதான் வந்த சனம். பேயெண்டால் திரும்பவும் வெளிக்கிட்டிடுங்கள். பிறகு எங்களுக்கு ஆர் துணை?"

அதுவும் நியாயம்தான். சுபத்திரா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துத் திரையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி அவர்களைத்தான் இரும வைத்தது. தேசிக்காய் ஒன்றை வெட்டிக் குங்குமம் தடவிக் கொம்பியூட்டருக்கு இரண்டு பக்கமும் வைத்தாள். சிவராசா துணிந்து கீபோட்டை எடுத்து, 'நீ ஆர்' என்று அடித்தார். வழக்கம்போல ஒன்றும் விழவில்லை. ஆனால் கொஞ்சத்தால் பதில் வந்தது.

'நீங்க யாரு அத முதல்ல சொல்லுங்க'

"நான் அடிக்கிறது தெரியுதில்ல, ஆனா அதுக்கு விளங்குது" என்றார் சிவராசா.

"பேரைச் சொல்லிப்போடாதேங்கோ. சொன்னால் பிடிச்சுக்கொள்ளும்."

'ஏன் இஞ்ச வந்தனீ' என்று அடித்தார்.

'நாங்க முந்தியும் இங்கதான் இருந்தோம்'

சுபத்திரா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நாங்களாம். ஒண்டில்ல, கனக்க இருக்குதுகள்."

ஃபோனில் அனோஜனுக்கு இதையும் சொன்னார். அவன் யோசித்தான். "இது எனக்கு இதுக்கு முதல் வந்ததில்ல அத்தான். ஆனால் லினக்ஸில சாதாரணமாத்தான் இருக்கும். இன்ரநெற்றில ஆரும் எழுதியிருப்பினம், தேடிப் பாக்கிறன்."

சிவராசாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. எத்தனை பேர் எழும்பு எழும்பு என்று கலைத்தார்கள். எல்லாரும் துவக்கோடு வந்தவர்கள், வாயை மூடிக்கொண்டு எழும்பினார். இந்தப் பேயிடம் துவக்கும் இல்லை. இதுக்கும் எழும்பவோ?

'இது எங்கட வீடு. வெளிக்கிடு' என்று அடித்தார். ஒவ்வொரு எழுத்தையும் குத்தினார்.

"தவணை குடுங்கோ" என்றாள் சுபத்திரா. "தவணை குடுக்காட்டி அதுகள் அசையாது."

'நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள போயிடவேணும்.'

"ஒரு சாமானும் எடுக்கக்கூடாது எண்டும் போடுங்கோ. பேய் போகேக்க கையில எதையாவது கொண்டுதான் போகும்."

அதையும் போட்டார். கொஞ்சம் வேகம் வந்துவிட்டது. 'மிஞ்சி நிண்டால் நடக்கிறதுக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று தன்பாட்டிலும் ஒன்று சேர்த்தார். இதே வசனத்தை எவ்வளவு தரம் கேட்டிருப்பார். சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு எழுத்துகள் மெல்ல மெல்ல விழுந்தன.

'சின்னப் புள்ளைகள் இருக்கு'

"கடவுளே" என்றாள் சுபத்திரா.

சிவராசாவுக்கும் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் இரங்கினால் பேய் தலையில் ஏறும் என்று நினைத்தார். 'பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போ' என்று அடித்தார்.

'சரி. போறோம்'

அதற்குப் பிறகு திரையில் ஒன்றும் எழுதப்படவில்லை. இரவு முழுக்க அமைதி. அடுத்த நாள் காலையிலும் அமைதி. மத்தியானம் சுபத்திரா முகம் கழுவிப் பொட்டு வைத்து, அரிசியும் சர்க்கரையும் எடுத்து அடுப்பில் புக்கை ஏற்றினாள். நறுவிலிக்குளப் பேச்சு நின்றுவிட்டது. சிவராசா இரண்டு தரம் வாசலில் போய் நின்று, காரணமில்லாமல் படலையைத் திறந்து திறந்து மூடினார். முதல் தடவையாக அந்த வீடு தன்னுடையது என்று அவருக்குப் பட்டது.

"அனோஜன், பேயைக் கலைச்சாச்சு. ஆனா கீபோட் இன்னும் எழுதுதில்ல."

"அப்ப கீபோட்தான் பழுது அத்தான். பக்கத்து வீட்டில ஒண்டு வாங்கிப் போட்டுப் பாருங்கோ."

கொம்பியூட்டர் வந்த நாளிலிருந்து அவன் சொன்னதில் இதுதான் புத்தியான கதை. சுபத்திரா ஒரு கோப்பை புக்கையைத் தந்து, "ஹவ்வா உம்மாட்டக் குடுங்கோ, வெறுங்கையோட போகாதேங்கோ" என்றாள். கோப்பை கையிலும் பழுதான கீபோட் கமக்கட்டு இடுக்கிலுமாகச் சிவராசா சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

றஊப் குடும்பம் முற்றத்தில் நின்றது. பெரியவர்கள் பெருநாள் உடுப்பில், பிள்ளைகள் சப்பாத்தோடு. கையில் ஒரு பையும் இல்லை. கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே கட்டில், அலுமாரி, தையல் மெசின், புதுக் கொம்பியூட்டர் எல்லாம் வைத்தபடியே இருந்தன.

"எங்க றஊப், கலியாண வீட்டுக்கோ?"

"புத்தளத்துக்கு அண்ணன்." றஊப் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரேயடியாப் போறோம்."

"என்ன கதை இது? சாமான் சக்கட்டெல்லாம் உள்ள கிடக்கு."

"எடுக்கக் கூடாதாம்."

"ஆர் சொன்னது?"

சின்ன மகள் விரலை நீட்டி உள்ளே காட்டினாள். சிவராசா திரும்பியபோது புக்கைக் கோப்பை சரிந்தது. அது விழாமலிருக்க, கீபோட் இருந்த கமக்கட்டை இறுக்கினார். உள்ளே திரையில் எழுத்துகள் வரிவரியாக ஓடின. பிடியைத் தளர்த்தினார். எழுத்துகள் நின்றன.

ஹவ்வா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். அவளுக்கு ஆரிலும் கோபம் இருக்கவில்லை.

"தொண்ணூறுல லவுட்ஸ்பீக்கர்ல கத்திச் சொன்னாங்க, மகன்" என்றாள். "இந்தத் தடவ மரியாதையா எழுத்திலயே தந்திருக்காங்க."