பொட்டு கலையாத மவுஸ்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயரும்தான் என் படிப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே வராது. இது நடந்ததும் அந்தக் கூச்சத்தால்தான்.

தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆறு மாதம் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

ஆறாவது மாதம் முதலாளி நாலு ஃப்ளாப்பியும் ஒரு தாளும் கொடுத்தார். அண்ணா நகர் வீட்டில் இருந்தபடியே போன் லைன் வழியாகப் பட்டறைக் கம்ப்யூட்டரை அவர் இயக்குவாராம். தாளில் உள்ளபடி எல்லாம் செய்தேன். கடைசி வரி மட்டும் பாக்கி: 'கம்ப்யூட்டர் கம்பெனி இஞ்சினியருக்குப் போன் செய்து, அங்கிருந்து இயக்கச் சொல்லிச் சோதிக்கவும்.' முன்பின் தெரியாத ஆளிடம் போனில் பேசுவதா? ரிசீவரை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் வைத்தேன்.

"டெஸ்ட் பண்ணியாச்சா ஸ்டெல்லா?"

"பண்ணியாச்சு சார்."

(நான் செய்தது எங்கே வேலை செய்யப்போகிறது, அவர் எங்கே இயக்கிப் பார்க்கப்போகிறார் என்ற நம்பிக்கைதான்.)

இரண்டு நாளில் ஆயுத பூஜை. லேத்துகளை நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். இனி மறுநாள் காலைவரை யாரும் மிஷினைத் தொடக் கூடாது. எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில். ஆனாலும் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தேன். விட்டால் கோபித்துக்கொள்ளுமோ என்று மவுசுக்கும் வைத்தேன். எப்போதும் ஆனில் இருக்க வேண்டும் என்று தாளில் இருந்ததால் அணைக்கவில்லை.

பூஜை முடிந்து முதலாளி வீட்டுக்குப் போனார். மற்றவர்களும் பொரியோடு கிளம்பினார்கள். மிச்சம் நானும் வாட்ச்மேன் முனுசாமி அண்ணனும். லேத் சத்தம் இல்லாத பட்டறையை அன்றுதான் கேட்டேன். சாம்பிராணிப் புகை கலையாமல் நின்றது. சுவரில், மூன்று மாதம் முன்பு இறந்துபோன பெரியவர், முதலாளியின் அப்பா, மாலையோடு என்னையே பார்த்தார்.

போன் ஒரு தரம் அடித்து நின்றது. போன் லைனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மோடம், வாலை மிதித்த பூனைபோல் கத்தியது. திரையில் அம்புக்குறி மெல்ல நகர்ந்தது.

மவுசைப் பார்த்தேன். பொட்டு கலையாமல் அப்படியே கிடந்தது.

"இன்னாமா, பூஜ போட்ட மிஷின தொட்டுகினு கீற?"

"நான் தொடலண்ணே!" இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது: 'யாரு அங்க?'

பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம் பெரியவர் கேட்கும் அதே கேள்வி.

"பெர்சு வந்துட்டாரும்மா! பதில் சொல்லு!" அண்ணன் கதவை நோக்கிப் பின்வாங்கினார்.

"நீங்க சொல்லுங்கண்ணே."

"எனுக்கு டைப்பு தெரியாதும்மா."

ஒரு கையில் ஜெபமாலையைப் பிடித்து, மறு கையால் அடித்தேன்: 'ஸ்டெல்லா, ஐயா. டெஸ்ட் பண்ணியாச்சுன்னு உங்க பையன்கிட்ட பொய் சொல்லிட்டேன். போன்ல பேச பயம். வேலைய விட்டு எடுக்க வேணாம்னு சொல்லுங்க.'

பிறகு எழுத்துகள் வந்தன:

'பையன்தான் பேசறேன்.'

பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதற்காக முதலாளி வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் எல்லோரையும் உட்கார வைத்திருந்தாராம். அவருடைய மாமியார் உட்படப் பதினோரு பேர் படித்திருக்கிறார்கள். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பொய் சொன்னால், "பெரியவருக்கு டைப் அடிச்சிடு" என்பார்கள்.

மறுநாள் எட்டரைக்கு வேலைக்குப் போனேன். முதலாளி ஒரு தாளை நீட்டினார். சோதனைக் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். பிறகு அவரே டயல் செய்து கொடுத்தார், இஞ்சினியரிடம் பேசினேன்.