ஏழால் பெருக்கும்வரை விழுந்த அறைகள்

சிரஞ்சீவி மைத்துனன் வாசுவுக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து அத்தான் சபாபதி எழுதுவது. கடவுள் கிருபையால் கிள்ளானில் நீ சுகமாக இருப்பாய். அதுதான் எனக்கு எரிகிறது. இங்கே உன் அக்காள் சுகம். என் இடது கன்னம் சுகமில்லை. தபாலில் போட்டால் ஊரைப் பிடித்து ஆளும் ஜப்பான்காரன் பிரித்துப் படிப்பான் என்பதால், லோரி ஓட்டும் கார்த்திகேசுவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

ஞாயிற்றுக்கிழமை மரவள்ளிக்கிழங்குப் புட்டைத் தின்றுவிட்டுச் சும்மா போக உனக்கு என்ன கேடு? அடுப்புக்கரியை எடுத்து, தெருவைப் பார்த்த சுவரில் ஆளுயரத்துக்கு 142857 என்று எழுதி, "அத்தான், ரெண்டால பெருக்குங்க, மூணால பெருக்குங்க, அதே ஆறு இலக்கம்தான் சுத்திச் சுத்தி வரும்" என்று பீற்றிக்கொண்டாயே, அழித்துவிட்டுப் போனாயா? மறுநாள் காலையில் ரோந்து வந்த ஜப்பான் அதிகாரி அதன் முன்னால் நின்றுவிட்டான். கூடவே மொழிபெயர்க்க ஜெயராஜ் என்று ஓர் ஆள். "இது என்ன, பட்டாளக் கணக்கா?" என்று அதிகாரி அவன் வாயால் கேட்டான். "வெறும் கணக்குங்க" என்றேன். "யாருடைய கணக்கு?" வாய் தவறி "மைத்துனனுடையது" என்றுவிட்டேன். "அவன் எங்கே?" கிள்ளான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே உன்னை அள்ளிக்கொண்டு போயிருப்பான். உன் அக்காள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறாள். "எங்க இருக்கான்னு தெரியாதுங்க" என்றேன். பளார்!

சரி, கணக்கைக் காட்டியாவது தப்பிப்போம்னு கரியை எடுத்து ரெண்டால பெருக்கினேன். 285714. அதே இலக்கமெல்லாம் இடம் மாறி நிக்குது. "இடம் மாத்தி எழுதறதுதான் ரகசியக் குறி!"ன்னு இன்னொரு பளார். மூணால பெருக்கினேன், 428571. அதுக்கும் ஒண்ணு. ஏண்டா, உலகத்துல கோடானுகோடி எண் இருக்கே, பெருக்கினா ஒழுங்கா வேற எண்ணா மாறுற ஒண்ணை நீ எழுதியிருக்கக் கூடாதா? நாலு, அஞ்சு, ஆறு, எல்லாம் அப்படியே. நான் நிரபராதின்னு காட்டக் காட்ட ஒற்றனாகிக்கிட்டே போறேன். வண்டியில ஏறச் சொல்லிட்டான். அப்பத்தான் உன் அக்கா கத்தினா: "ஏழால பெருக்குங்களேன்! வாசு அதையும் சொன்னானே!"

ஏழால போட்டேன். 999999. அதிகாரி கரியைப் பிடுங்கி அவனே போட்டுப் பார்த்தான். அப்புறம் எண்ணை ரெண்டா வெட்டி 142ஐயும் 857ஐயும் கூட்டினான். 999. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சிரிக்கிறான்டா! ஜெயராஜ் காதோரமா, "அண்ணே, இவர் ஊர்ல கணக்கு வாத்தியாராம்லா" என்றான். வாத்தியார்! அதான் அந்த அடி. சுவரை அழிக்கச் சொல்லிவிட்டு, எண்ணை உள்ளங்கையில எழுதிக்கிட்டுப் போயிட்டான். என் கன்னத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

இனி என் வாசற்படியை மிதிக்காதே. உன் எண்ணும் ஒன்றும் அதிசயமில்லை. எட்டால் பெருக்கிப் பார், 1142856. ஏழு இலக்கமாகிப் பல்லைக் காட்டிவிட்டது.

நீ நூறு வயது இருக்க வேண்டும். கிள்ளானிலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீங்கிய கன்னத்துடன்,
சபாபதி

பி.கு.: இப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த 1142856இல் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் 1ஐ எடுத்துக் கடைசி 6உடன் கூட்டினேன். 142857! கார்த்திகேசுவின் லோரி திரும்பும்போது அதிலேயே ஏறி வந்துவிடு. கதவைச் சாத்திக்கொண்டு தரையில் எழுதுவோம். ஒன்பதால் பெருக்கினால் என்ன ஆகும் என்று உன் அக்காள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.