நான் போகாத கச்சேரி

அன்பு மிகுந்த ரெனே அக்காவுக்கு,

செயின்ட் பாலிலிருந்து தம்பி லோவெல் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். அங்கே டுலூத்தில் நீயும் மகள் கிறிஸ்டாவும் பேத்திகளும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏரியில் பனி உடைந்துவிட்டதா? நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான். கடிதத்தையாவது படித்துவிட்டுக் கிழி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கார் பழுதுபார்க்கப் போயிருந்ததால் பேருந்துக்கு நின்றிருந்தபோது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பழைய இசைத்தட்டுக் கடைக்குள் ஒதுங்கினேன். உள்ளே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிட்டாரைச் சுருதி சேர்க்காமலே வாசிக்கிறார்களே என்று முதலில் பரிதாபப்பட்டேன். பாடுகிறவர் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் ஒரு சொல்லும் புரியவில்லை. மூன்றாவது நிமிடத்தில், சுருதி அதுதான், நான்தான் இத்தனை வருஷமாக விலகி இருந்திருக்கிறேன் என்று தோன்றியது. நம் வீட்டில் அக்கார்டியனைத் தவிர வேறு எதைக் கேட்டோம் சொல். பேருந்து வந்து போய்விட்டது, நான் போகவில்லை.

கடைக்காரி கோரின் என்பவர், ஐம்பதைத் தாண்டியவர், அந்தக் குழுவின் பெயர் ‘ஈரக் கையுறை’ என்றார். நம் ஊர்க் குழுவாம். இரண்டே இசைத்தட்டு போட்டுவிட்டு எண்பத்தேழில் கலைந்துவிட்டார்களாம். பிறகு வாரா வாரம் போனேன். ‘மூன்றாவது பல் டாக்டர்’, ‘பால்காரர் வேலைநிறுத்தம்’ என்று ஒவ்வொரு குழுவாக எடுத்துக் கொடுத்தார். ஒரே கிட்டாரை வைத்துக்கொண்டு நான்கு பேர் சண்டை போடுவதுபோல் ஆரம்பித்து, கடைசியில் நம்மைத் தோளில் சாய்த்துக்கொள்கிற பாட்டுகள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே முப்பத்தைந்து வருஷம் போன ஆளுக்கு, அறுபத்தொரு வயதில் காது முளைத்தது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை.

அந்தக் கடையில் சனிக்கிழமைதோறும் என் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். எல்லாரும் அந்தக் காலத்தில் எல்லாக் கச்சேரியையும் நேரில் பார்த்தவர்கள். அதில் வெர்லின் என்றொருவர், கூரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ், எண்பத்தாறுல நீ இங்கதானே இருந்தே? ஈரக் கையுறைக்காரங்களைப் பாத்திருப்பியே?”

அக்கா, அவர்கள் வாசித்த இடம் நான் அப்போது குடியிருந்த வீட்டிலிருந்து ஐந்து தெரு. இருபத்திரண்டு வயது, இரண்டு காதும் நன்றாக இருந்தன. நான் பௌலிங் கூடத்தில் பந்து உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பார்த்திருக்கிறேன் என்றேன். எந்தக் கச்சேரி என்றார். சுவரில் ஒரு பழைய சுவரொட்டி இருந்தது. அதிலிருந்த தேதியைப் படித்துச் சொன்னேன். எண்பத்தாறு, ஜூன் பதினான்கு.

அது உன் கல்யாண நாள் என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் திருத்தியிருக்கலாம். ஆனால் அவர்கள் அதற்குள் அன்று என்ன பார்த்தாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று சூழ்ந்துகொண்டார்கள். அந்த நாளைப் பற்றி எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் நீலக் கோட்டும், நீ குத்திவிட்ட பூவும்தான். அதைச் சொன்னேன். ராக் கச்சேரிக்கு எவனாவது கோட்டுப் போட்டுக்கொண்டு வருவானா என்றார்கள். அக்கா கல்யாண விருந்திலிருந்து நேராக வந்தேன், சர்ச் நிலவறை ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தேன் என்றேன். அந்த ஜன்னலில் ஒரு பூனை நுழைவதே கஷ்டம், உனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. காபி வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் பேட்டை வாரப் பத்திரிகையில் வேலை பார்க்கிற ஒருவர் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. கல்யாணம் சலிப்பாக இருந்ததா என்று அவர் கேட்டதற்கு நான் தலையாட்டியிருக்கிறேன். அது மூன்று பத்தியும் ஒரு படமுமாக வந்துவிட்டது. சித்தி மகள் ஜோலீன் அதை வெட்டி உனக்குத் தபாலில் அனுப்பியதும், நீ போன் செய்ததும் உனக்கே தெரிந்த கதை.

“அப்போ அப்பாவுக்குப் பதிலா என்கூட ஆடினது யாருடா?”

இதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். கல்யாண விருந்தில் பெண்ணோடு அப்பா ஆட வேண்டிய ஆட்டத்தை, அவர் இல்லாததால் நான்தானே ஆடினேன். திட்டியிருக்கலாம். டேல் அத்தான் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அவர் நினைவாக உன்னிடம் மிச்சம் இருக்கிற நாட்களில் ஒன்றை எடுத்து, முன்பின் தெரியாதவர்கள் சிரிப்பதற்காக வாரி இறைத்திருக்கிறேன். அன்று முழுக்க நான் முகம் கழுவக்கூடக் கண்ணாடி முன் நிற்கவில்லை.

மறுநாள் எங்கள் நூலகத்தில் அந்தக் குழுவைப் பற்றி ஒரு கூட்டம். நேரில் கண்ட சாட்சி என்று என்னை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் டுவேன், குழுவின் டிரம்காரர். அறுபது பேர், ஹாம் சாண்ட்விச், பேரீச்சம்பழக் கேக். எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். மைக் கைக்கு வந்ததும் எழுந்து நின்றேன்.

“நான் அந்தக் கச்சேரிக்குப் போகல. அன்னிக்கு எங்க அக்காகூட ஆடிக்கிட்டிருந்தேன். ஜன்னல் கதை பொய்.”

ஒருவர் கேக்கை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். அப்போது டுவேன் என் தோளில் கை வைத்தார்.

“எதுக்குங்க கூச்சம்? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீலக் கோட்டு, முன்வரிசை. மூணாவது பாட்டுல அழுதீங்க.”

அரங்கமே கைதட்டியது. இல்லை என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். சத்தியமாகப் போகவில்லை என்றேன், வெர்லின் எழுந்து நின்று, இந்த அடக்கம் யாருக்கு வரும் என்றார். நூலகர் எனக்கு ஒரு பூந்தொட்டி கொடுத்தார். பொய் சொன்னபோது கொஞ்சம் நம்பினவர்கள், உண்மையைச் சொன்ன பிறகு முழுசாக நம்பிவிட்டார்கள். பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து காரில் உட்கார்ந்தேன். கோரின் மட்டும் பின்னாலேயே வந்தார்.

“நிஜமாவே போகலையா?”

“போகல.”

“அப்ப அந்தப் பாட்டு பிடிச்சுதுன்னு சொன்னது?”

“அது நிஜம்.”

“அது போதுமே லோவெல். அதுக்கு எதுக்கு ஜன்னல்?”

வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன் கல்யாணம் சலிப்பாக இல்லை அக்கா. என் கை வியர்த்தது, உன் காலை மூன்று முறை மிதித்தேன், அப்பா மாதிரியே தப்பா ஆடுறேடா என்று சொல்லிவிட்டு நீ என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அந்த நிலவறையில் நான் எதையும் தவறவிடவில்லை. இனி அந்தக் கடைப்பக்கம் வாயைத் திறப்பதில்லை, பாட்டை மட்டும் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். நாம் ஆடுகிற படம் உன்னிடம் இருந்தால் ஒரு நகல் அனுப்பு. நூலகத்தில் கொடுத்து இந்தக் கதையை அடக்கம் செய்துவிடுகிறேன்.

கிறிஸ்டாவுக்கு என் அன்பு. பேத்திகளுக்கு ஆளுக்கொரு முத்தம். நீ நூறு வயது இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

வெட்கத்துடன்,
உன் தம்பி லோவெல்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டுவேன் போன் செய்தார். அவர் டிரம்காரர் இல்லையாம். டிரம்காரர் அவருடைய பெரியப்பா மகனாம். இவர் வாசலில் குழுவின் பெயர் போட்ட பனியன் விற்றவராம், அதுவும் கச்சேரி அன்று காய்ச்சலில் படுத்திருந்தாராம். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்ததால் யாரோ ஒருமுறை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள், இவரும் முப்பது வருஷமாகத் திருத்தவில்லை. இப்போது வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவரை மேடையில் பார்த்ததாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அக்கா. எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டுவிட்டேன். வருகிற சனிக்கிழமை, மூன்று மணி. நீ கிளம்பி வந்து என்னைப் பிடித்துக்கொண்டால்தான் உண்டு.