என் அண்ணனுக்கு நான் எழுதிய இரங்கல் செய்தி

கம்ப்யூட்டரில் ஒருவரைச் சாகடிப்பது ரொம்ப சுலபம். திரும்ப உயிரோடு கொண்டுவருவதுதான் பெரும்பாடு. அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிழக்குத் தாம்பரத்தில், ஒரு கூடம் நிறைய அரசு ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் கூடப்பிறந்த அண்ணனை நான் சாகடித்தேன். அதோடு விட்டேனா? "பார்த்தீங்களா, எவ்வளவு ஈஸி!" என்று வேறு கேட்டேன்.

அப்போது நான் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் பயிற்சியாளர். மருத்துவமனை, நகராட்சி போன்ற பொது நிறுவனங்கள் டெண்டர் விட்டுப் பொருள் வாங்குவதற்கான மென்பொருள் எங்களுடையது. அந்த வருடம் கொள்முதல் சட்டம் மாறியது. அதற்குமுன் ஒரு சப்ளையர் இறந்துபோனால், அந்தச் செய்தி பைலில் ஏறுவதற்குள் அவர் பெயரிலேயே இன்னும் பல டெண்டர்கள் போடப்பட்டிருக்கும். (செத்தவர் கையெழுத்து மாறாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.) புதுச் சட்டப்படி, உரிமையாளர் இறந்தால் பதிவை உடனே நிறுத்த வேண்டும், ஏன் நிறுத்தினோம் என்பதை அந்த நிறுவனம் கொடுத்திருக்கும் போன் எண்களுக்கு அந்த நிமிடமே தெரிவிக்கவும் வேண்டும்.

அந்தத் தகவலுக்கு வாசகம் எழுதியது நான்தான். 'தங்கள் நிறுவன உரிமையாளர் காலமானதை முன்னிட்டு சப்ளையர் பதிவு நிறுத்தப்படுகிறது' என்று எழுதினேன். மொட்டையாக இருந்தது. கடைசியில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று சேர்த்தேன். மேனேஜர் அடித்தார். நான் திரும்பச் சேர்த்தேன். "இது சாப்ட்வேர்மா, இதுல எதுக்கு இரங்கல்?" என்றார். "சட்டத்துலதான் மனசு இல்ல, நம்ம மெசேஜ்லயாவது இருக்கட்டும் சார்" என்றேன். அந்த வயதில் எனக்கு என்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

இனி அண்ணன். எட்வின் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை உதறிவிட்டு, பல்லாவரத்தில் ஒரு சின்ன ஷெட் பிடித்து மருத்துவமனைகளுக்கு மெத்தை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சிட்லபாக்கம் முழுக்க அவர் 'ஹெச்.எம். சார்'தான். மகன் வேலையை விட்ட அன்று, "வாத்தியார் பையன் பஞ்சு அடைக்கப் போறானா? அப்படின்னா இந்த வீட்டுப் படி ஏறாத" என்றார். அவனும் ஏறவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே வீம்பு. வருடக்கணக்கில் பேச்சில்லை. கிறிஸ்துமஸுக்கு அண்ணியும் நானும் பலகாரத் தட்டுகளை சானடோரியம் ஸ்டேஷனில் கடத்தல்காரர்களைப் போல மாற்றிக்கொள்வோம்.

புதுச் சட்டத்துக்காக எல்லா சப்ளையர்களும் திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அண்ணனுக்கு நான்தான் செய்து கொடுத்தேன். அவன் போனை எடுக்கவே மாட்டான். பஞ்சடிக்கும் மிஷின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் ஓடிபி வருவதற்கு அப்பாவின் எண்ணைக் கொடுத்தேன். (ரிடையரான அப்பாக்கள் இருக்கும் வீடுகளில் ஓடிபி அவர்களுக்குத்தான் வரும். வேறு யார் போனும் கையுமாக இருக்கிறார்கள்?) அப்பா எண்ணை நிதானமாகப் படித்துச் சொல்வார். யாருக்கு என்று கேட்க மாட்டார். ஒருமுறை மட்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆர்டர் கிடைச்சுதாமா?" என்றார். கிடைத்தது என்றேன். "யாருக்கோ கிடைச்சா சரி" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

பயிற்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். எங்கள் மென்பொருளில் இரண்டு பிரதி உண்டு. ஒன்று பழகிப் பார்க்க. அதில் என்ன செய்தாலும் யாருக்கும் தகவல் போகாது. மற்றது நிஜம். பழகும் பிரதிக்கு மேலே பச்சைப் பட்டை, நிஜத்துக்குச் சிவப்புப் பட்டை. மண்டபத்துக்காரர் வாடகைக்குக் கொடுத்த புரொஜெக்டர் கிழவியோ, இரண்டையும் ஒரே காபி நிறத்தில் காட்டியது.

சப்ளையர் இறந்தால் பதிவை நிறுத்துவது எப்படி என்று காட்ட, கொள்முதல் பிரிவு சூப்பிரண்டு தனலட்சுமி அக்காவை லேப்டாப் முன்னால் உட்காரவைத்தேன். "ஏதாவது ஒரு சப்ளையர் பேரை எடுங்கக்கா. காரணம்கிற இடத்துல 'உரிமையாளர் மரணம்'னு போடுங்க."

அக்கா கையை எடுத்துவிட்டார். "யார் பேரைப் போடறது மேடம்?"

"யார் பேரா இருந்தா என்ன? சும்மா டெஸ்ட்தானே."

"வெள்ளிக்கிழமை அதுவுமா உயிரோட இருக்கறவங்களைச் செத்துட்டாங்கன்னு போடச் சொல்றீங்களே! அவங்க வீட்லயும் புள்ளைகுட்டி இருக்குமில்ல?"

கூடமே அவர் பக்கம் தலையாட்டியது. பின்வரிசையில் ஒருவர், "பில் பாஸ் பண்ணலைன்னாலே திட்டுவாங்க, சாகடிச்சா கொன்னே போடுவாங்க" என்றார். நான் சிரித்தேன். நாங்கள் வேதக்காரர்கள், சகுனம் கிகுனம் எல்லாம் பார்ப்பதில்லை என்ற பெருமை எனக்கு. அதோடு, கெட்ட உதாரணத்துக்கு ஊரார் பெயரைச் சொல்வது நாகரிகமில்லை. சொந்தக்காரர் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். "என் அண்ணன் பேரையே போடுங்கக்கா. அவன் கெட்டி" என்றேன்.

அக்கா மனசேயில்லாமல், கன்னத்தில் போட்டுக்கொண்டு, போட்டார். திரையில் இருந்தது பச்சையா சிவப்பா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் காபி நிறம்தான். நிஜப் பிரதியைக் காலையில் திறந்து வைத்ததும் நான்தான், மூட மறந்ததும் நான்தான்.

எலுமிச்சை சாதம் சாப்பிடும்போது பைக்குள்ளிருந்து போனை எடுத்தேன். அப்பாவிடமிருந்து அத்தனை அழைப்புகள். சபை வாட்ஸ்அப் குழுவில் மெழுகுவத்திப் படத்தோடு ஒரு செய்தி: 'ஹெச்.எம். ஐயாவின் மகன் எட்வின் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்.' கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

தட்டு கையிலிருந்து விழுந்தது. தனலட்சுமி அக்கா ஓடிவந்து பிடித்தார். போனைப் படித்தவர் முகம் வெளுத்துப்போனது. "நான் அப்பவே சொன்னேனே மேடம், நான் அப்பவே சொன்னேனே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் அந்த நேரம் அதுதான் தோன்றியது: நான் வாய் வைத்தேன், அண்ணன் போய்விட்டான். வேதக்காரி, சாப்ட்வேர்காரி எல்லாம் போன இடம் தெரியவில்லை. அண்ணனுக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி நர்ஸ், டியூட்டியில் போனை லாக்கரில் வைத்துவிடுவாள். அப்பா எடுக்கவில்லை.

தாம்பரத்தில் மின்சார ரயிலில் ஏறி, வாசலருகே நின்றபடியே அழுதேன். குரோம்பேட்டை வரும்போதுதான் அப்பா எனக்கு அனுப்பியிருந்த தகவலைத் திறந்தேன். 'தங்கள் நிறுவன உரிமையாளர் காலமானதை முன்னிட்டு...' படித்துக்கொண்டே போனேன். கடைசியில் 'ஆழ்ந்த இரங்கல்'.

உலகத்திலேயே அதை எழுதியது நான் ஒருத்திதான்.

பெட்டியில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, தெரியாது. அதுவரை அழுதுகொண்டிருந்த பெண் திடீரென்று சத்தம் போட்டுச் சிரித்தாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு முன்னைவிட அதிகமாக அழுதாள். ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, தன் குழந்தையை அந்தப்பக்கம் நகர்த்தி உட்காரவைத்தார். அரசாங்கத்திலிருந்து வந்த தகவல் தப்பாக இருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றவே தோன்றாது. அவர் பென்ஷன் வாங்குகிறவர்.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை. செடிக்காரர்கள், பழைய சைக்கிள்கள், கூண்டுக் கோழிகள், அத்தனையையும் இடித்துக்கொண்டு ஓடினேன். ஷெட் வாசலில் தையல்காரர் பாபு பாய் நின்றிருந்தார்.

"இன்னா மேடம், நீங்களுமா? உள்ள உங்க நைனா வந்துகினு கீறாரு. ஒண்ணும் பேசமாட்றாரு. எங்களுக்கு ஒரே பேஜாரா பூட்ச்சி."

உள்ளே போனேன். மிஷினை நிறுத்தியிருந்தார்கள். தலையெல்லாம் பஞ்சாக அண்ணன் நின்றிருந்தான். அப்பா அவனுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலில் வெளியே போடும் செருப்பு, ஒரு காலில் பாத்ரூம் செருப்பு. அந்தச் சந்தைக் கூட்டத்துக்குள் அப்படியே நடந்து வந்திருக்கிறார்.

கடைசியில் அப்பா வாயைத் திறந்தார். "போனை எடுக்கத் தெரியாதாடா உனக்கு?"

"சத்தத்துல கேக்கலப்பா."

"கேக்கலையாம்!" என்று பளாரென்று ஒரு அறை விட்டார். அடுத்த நொடி அவன் தோளில் சாய்ந்து விம்மினார். என் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் முட்டாள்தனத்துக்கு அவர் அழுகிறார் என்பதும், அது நல்லதற்குத்தான் என்பதும் ஒரே நேரத்தில் புரிந்தது; எங்கே நிற்பது என்று தெரியாமல் மெத்தைகளுக்கு நடுவே நின்றேன்.

அப்போதுதான் மலர்வளையத்தோடு பாஸ்டரும் பாடகர் குழுவும் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் முன்னால் போய் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் பாஸ்டர். கேக்கெல்லாம் இல்லையா?" என்றான். எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தான். அப்பா ஒரு மெத்தையில் உட்கார்ந்து, கையால் அழுத்திப் பார்த்து, "தையல் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எங்கள் மென்பொருளில் செத்தவரை எழுப்ப வழி வைக்கவில்லை. சட்டம் உயிர்த்தெழுதலை எதிர்பார்க்கவில்லையாம். அண்ணன் புதிய ஆளாகப் பதிவு செய்துகொண்டான். என் மேனேஜர் என்னைப் பயிற்சியிலிருந்து தூக்கினார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும், ஆராதனை முடிந்து அண்ணன் சிட்லபாக்கம் வீட்டுப் படி ஏறினான். மட்டன் குழம்புக்கு நடுவே இந்தக் கதையை அவனே நடித்துக் காட்டுவான். அப்பா செருப்பு போட்டு வந்த மாதிரி நடப்பான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கெட்ட செய்தி வந்தாலும் ஒரே கேள்விதான். கேஸ் தீர்ந்துவிட்டது என்றால், "டெஸ்டா, நிஜமா?" மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது என்றால், "டெஸ்டா, நிஜமா?" சித்தப்பா ஒரு மாதம் தங்க வருகிறார் என்றாலும் அதேதான்.

போன மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அண்ணி எனக்குப் போன் செய்தாள். மிஷின் பக்கத்திலேயே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். அவள் நர்ஸ். அவளுக்குச் சொல்லத் தெரியும். சொன்னாள்.

அப்பா கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "அப்பா, அண்ணன்..." என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு வந்து தயாராக நின்றது.

"டெஸ்டா, நிஜமா?"

சிரிப்பு மெல்ல இறங்கியது. தட்டைக் கீழே வைத்தார். எழுந்து வாசலுக்குப் போய், குனிந்து, இரண்டு காலுக்கும் சரியான ஜோடியைத் தேடி நிதானமாகச் செருப்பு மாட்டிக்கொண்டார்.

"வாம்மா. நேர்ல போய்ப் பார்த்துடலாம். அன்னிக்கும் இப்படித்தானே சொன்னாங்க" என்றார்.

ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை. நான் நிஜம் என்று சொல்லவில்லை. குரோம்பேட்டை தாண்டும்வரை நானும் கொஞ்சம் நம்பிக்கொண்டுதான் வந்தேன்.