ஏழாம் கட்டிலில் நாலு விரல்

“சிஸ்டர், இந்தத் தலையணையைக் கொஞ்சம் தூக்கி வைங்க.”

இறுதிச் செய்முறைப் பரீட்சையில் அவளுக்கு வாய்த்த நோயாளி, ஏழாம் கட்டில் பெரியவர், பேசிய முதல் வாக்கியம் இது. மொத்தம் இருபது நிமிடம். தலையணையில் ஒன்று போயிற்று.

“நான் சிஸ்டர் இல்லீங்க, டாக்டருக்குப் படிக்கிறேன். உடம்புக்கு என்ன?”

“அதைப் பெரிய டாக்டர் வந்ததும் சொல்லிக்கிறேன். போன பரீட்சைக்கும் இங்கதான் வந்து படுத்தேன். தம்பிங்கதான் பார்த்தாங்க.”

பெண்கள் வார்டில் பையன்கள் பரிசோதித்தால் ஒரு பெண் கூட நிற்க வேண்டும் என்பது விதி. அவள் குழுவில் பையன்கள் எட்டு. பெண் அவள் ஒருத்தி. மூன்று வருடம் எட்டுப் பேருக்கும் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் ‘திரைச்சீலை’ என்று பட்டம் கிடைத்தது. இன்னொரு பட்டம் வாங்கத்தான் இன்று வந்திருக்கிறாள்.

ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள்.

“டாக்டரோடதா? பத்திரமா வச்சிருங்க, கேப்பாரு.”

வேறு வழியில்லாமல் வாசலில் நின்ற வார்டு ஊழியரைக் கூப்பிட்டாள். பரீட்சை நாளில் அவர் ஒரு தர்மம் செய்வார். உள்ளே போகும் பையன்களின் காதில், “மண்ணீரல் வீக்கம், விலாவுக்குக் கீழ நாலு விரல் அகலம், டாக்டர்” என்று ஓதிவிடுவார். இன்று எட்டுப் பையன்களும் இந்தப் பெரியவரின் சட்டைக்கு மேலேயே அரை நிமிடம் தடவிவிட்டுச் சிரித்த முகமாய் வெளியேறியிருந்தார்கள். இவளிடம் மட்டும், “சிஸ்டர், வழியில நிக்காதீங்க” என்றிருந்தார்.

“அண்ணே, நான் யாருன்னு இவர்கிட்ட சொல்லுங்களேன்.”

“பயப்படாதீங்க பெரியவரே. சின்னப் பொண்ணு, கத்துக்கத்தான் வந்திருக்கு.”

நோயாளி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

போர்வையை விடச் சொல்லிக் கெஞ்சியதிலேயே நேரம் கரைந்தது. மீதி ஆறு நிமிடம்.

“ஐயா, நான் ஒண்ணுமே கேக்கலை. கையை மட்டும் வைக்கிறேன். வெட்கமா இருந்தா கண்ணை மூடிக்குங்க.”

“சட்டை மேலேயே வைங்க” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டுப் பையன்களின் தப்பையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். வலது அடிவயிற்றில் தொடங்கி இடது விலா எலும்புவரை நிதானமாக அழுத்தி வந்தாள். இரண்டு முறை. எதுவும் தட்டுப்படவில்லை.

பேராசிரியர் வந்தார். ‘மருத்துவக் கைக்கு ஆண், பெண் பேதம் கிடையாது’ என்று வருடந்தோறும் முதல் வகுப்பில் முழங்குபவர்.

“என்ன கண்டுபிடிச்சே?”

“வயித்துல எந்த வீக்கமும் இல்லை, சார்.”

“எட்டுப் பேருக்கு அகப்பட்ட மண்ணீரல் உனக்கு மட்டும் ஒளிஞ்சுக்கிச்சா? பொம்பளப் பிள்ளைங்க கையில அழுத்தமே கிடையாது. கடைசியாக் கேக்கறேன். இருக்கா, இல்லையா?”

அவர் முதுகுக்குப் பின்னால் ஊழியர் மனமிரங்கி நாலு விரலை விரித்துக் காட்டினார். ‘இருக்கு’ என்றால் தேர்ச்சி. ‘இல்லை’ என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் தலையணை.

அவள் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“இல்லை, சார்.”

பேராசிரியர் சட்டைக்கு மேல் இரண்டே விரலை வைத்தார். கண்களை மூடினார். “இதோ! நாலு விரல்! கல்லு மாதிரி இருக்கு!”

“பெரிய டாக்டர் வந்துட்டீங்களா?” நோயாளி எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். இடது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு. “காலையிலேருந்து உங்ககிட்ட சொல்லத்தான் காத்திருக்கேன். டாக்டரம்மா சொல்றதுதான் சரி. அந்த மண்ணீரலைத்தான் போன மாசமே பக்கத்துக் கட்டடத்துல வெட்டி எடுத்துட்டாங்களே!”