உங்கள் தமிழாசிரியரை வருணித்து எழுதுக

பிள்ளைகளுக்கு உயிரோட்டமாக எழுதச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் ஆசிரியர், முதலில் தன் கல்யாணத்தை முடித்துக்கொள்வது நல்லது. நான் வரிசையை மாற்றிச் செய்தவன்.

எண்பதுகளின் நடுவில், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரை அடுத்த மத்திகிரி அருகே ஒரு பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தேன். பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தெருவில் கன்னடம் பேசுவார்கள், தமிழை எனக்காக மட்டும் வைத்திருந்தார்கள். எதை எழுதச் சொன்னாலும் ஒரே அச்சில்தான் வரும். பசு சாதுவானது. ஓசூர் அழகிய ஊர். தமிழைக் காப்பாற்றும் பொறுப்பை யாரோ என்னிடம் ஒப்படைத்திருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் பொறுமை போய்விட்டது. நல்ல, அழகிய, பெரிய ஆகிய சொற்களை இன்றோடு தடை செய்கிறேன் என்று அறிவித்தேன். (சட்டசபையில் மசோதா கொண்டுவந்த தோரணை.) பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். வேறு பொருள் தேட வேண்டாம், என்னையே எழுதுங்கள். படிக்கிறவர் என்னை ஓசூர் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் அடையாளம் கண்டுபிடித்துவிட வேண்டும்.

மஞ்சுளா என்று ஒரு பெண். அப்பாவுக்குக் கால்நடைப் பண்ணையில் வேலை. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அந்த நேரமெல்லாம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அன்றுதான் தெரிந்தது.

“எங்கள் ஐயாவுக்குக் கோபம் வந்தால் மீசையின் இடது பக்கம் மட்டும் துடிக்கும். வலது பக்கம் சும்மா இருக்கும். ஐயா ஒரு காதின் மேல் முடி வளர்த்து இன்னொரு காது வரை படுக்க வைத்திருக்கிறார். காற்றடித்தால் அது எழுந்து நின்று பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கும். ஐயா சிரித்தால் முதலில் சத்தம் வராது. அப்புறம் பண்ணைக் கழுதை தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தது போல ஒரு சத்தம் வரும்.”

தடை செய்த சொல் ஒன்றுகூட இல்லை. அவமானத்தில் காது சூடானது. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. பத்துக்கு ஒன்பது போட்டு, மற்றவர்கள் படித்துத் திருந்தட்டும் என்று தலைமையாசிரியர் அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

அந்தச் சமயம் கிருஷ்ணகிரியில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். தரகர் அங்கே “பையன் தங்கம், லட்சணமான முகம்” என்று சொல்லியிருந்தார். பெண்ணின் அப்பாவுக்கு அது போதவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கு விசாரிக்க வந்தவர், தலைமையாசிரியருக்காகக் காத்திருந்த நேரத்தில் பலகையைப் படித்தார். ஒரு வரி விடாமல், மார்க்கையும் சேர்த்து, கவர் ஒன்றின் பின்பக்கம் எழுதியும் கொண்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஊரிலிருந்து அண்ணன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். கூடத்தில் பத்திருபது பேர். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லோரும் மூக்குக்குக் கீழே, கொஞ்சம் இடப்புறமாகப் பார்த்தார்கள். தை மாதக் குளிரில் உள்ளேயிருந்து ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து என் முகத்துக்கு நேராக வைத்தார்கள். ஒரு கையில் கேசரித் தட்டு, மறு கையில் தலைமுடி என்று உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் டம்ளரை நீட்டினார்கள். வாங்கக் கையை எடுத்தேன். முடி எழுந்து நின்றது.

பெண்ணின் சித்தப்பா, தமிழ் வாத்தியார் வேலை என்றால் கதை படித்துக் காட்டிவிட்டுச் சம்பளம் வாங்குவதுதானே என்று கேட்டார். நான் அமைதியாகத்தான் இருந்தேன். எதிரே இருந்த ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவர் தொடையைத் தட்டி, “எடது பக்கந்தான்” என்றார்.

“என்னடா, மீசைய வச்சு ஜோசியம் எதுவும் பாக்காங்களா?” என்று அண்ணன் காதோடு கேட்டான்.

அடுத்து சித்தப்பா ஜோக் சொல்ல ஆரம்பித்தார். ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. மரியாதைக்காகப் பல்லை மட்டும் காட்டினேன். அது அவர்களுக்குப் போதவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. அப்போது ஃபேன் காற்றில் அவர் துண்டு பறந்து அவர் முகத்தையே மூடியது. மனிதர் நிறுத்தவில்லை. துண்டுக்குள்ளிருந்தே ஜோக்கைத் தொடர்ந்தார். நான் சிரித்துவிட்டேன். முதலில் சத்தம் வரவில்லை. அப்புறம் வந்தது. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை வீறிட்டது.

பெண்ணின் அப்பா திருப்தியாகத் தலையாட்டி, “எல்லாம் சரியா இருக்குதுங்க” என்றார். சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து அண்ணனிடம் கொடுத்தார். அந்தப் பாவி அதைச் சத்தமாகப் படித்தான்.

எழுந்து ஓடியிருப்பேன். செருப்பு அத்தனை பேரையும் தாண்டி வாசலில் கிடந்தது. இந்தச் சம்பந்தம் மட்டுமல்ல, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இனி எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று முடிவு செய்தேன். (அப்போது அப்படி ஒரு மாவட்டமே பிரியவில்லை. துக்கத்தில் நான் காலத்தை மீறியும் யோசிப்பேன்.)

அப்போது கதவோரம் நின்ற பெண் வசந்தா கேட்டாள்:

“ஏங்க, இவ்ளோ சரியா எழுதின புள்ளைக்கு ஒரு மார்க் எதுக்குங்க கொறைச்சீங்க?”

காதல் வசனம் பேச அருமையான சந்தர்ப்பம். நான் சொன்னேன்: “ரெண்டு எடத்துல ஒற்று விட்டுருந்தா.”

“பரவால்ல, போட்டுருங்க.”

திங்கட்கிழமை போட்டுவிட்டேன். அதற்கு முன் வந்த வரன்கள் எல்லோருமே தங்கம்தானாம். கல்யாணத்துக்குப் பிறகு தெரியவேண்டியதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று வசந்தா பிற்பாடு சொன்னாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் பெயர் கட்டுரை மாப்பிள்ளை. சென்ற வருடம் மைத்துனர் மகள் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே அச்சடித்துவிட்டார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லி என்னைத் தேடி வந்த அண்ணனை, அப்படி எங்கள் சொந்தத்தில் யாரும் கிடையாதுங்களே என்று மண்டப வாசலில் நிறுத்தி, பக்கத்து மண்டபத்துக்கு வழி சொல்லி அனுப்பினார்கள். அவன் அங்கே சாப்பிட்டுவிட்டே ஊருக்குப் போய்விட்டான்.