நூற்று நாற்பது டிகிரியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான். உட்கார்ந்திருக்க வேண்டும். மாலையைப் போட்டு வண்டியில் ஏற்றிவிட்டால், முன்னால் மேளம் போகும், ஊர் வேடிக்கை பார்க்கும். களிமண் பிள்ளையார்கூட இதைத் திறம்படச் செய்துவிடுவார். என்னால் முடியவில்லை.

வருஷம் 2005. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவும் தலை நிறையக் கர்வமும் இருந்தன. பெரிய முதலியார்சாவடியில் ஒரு தகரக் கொட்டகையில் நானும் நண்பன் சேகரும் பழைய வேன் ஒன்றின் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேட்டரியில் ஓடும்படி மாற்றியிருந்தோம். (மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டுத்தான். அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.)

பெண் தமிழரசி, மரக்காணம். அவள் அப்பா ஏழுமலைக்கு அங்கே உப்பளம். மனிதருக்கு என்னைப் பிடித்திருந்தது, என் தொழிலைப் பிடிக்கவில்லை.

"டீசல் இல்லாத வண்டி, சம்பளம் இல்லாத மாப்ள. ரெண்டும் எவ்ளோ தூரம் ஓடுதுன்னு பாக்கலாம்" என்று நிச்சயதார்த்தத்திலேயே சொன்னார். நானும் வீறாப்பாக, அழைப்புக்கு அந்த வேனில்தான் வருவேன் என்று அறிவித்துவிட்டேன். அதோடு போயிருக்கலாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் தமிழரசி போன் செய்தாள்.

"எங்கப்பா கிட்ட ஒண்ணு சொல்லிட்டேங்க. வண்டி ஓடி மண்டபத்துக்கு வரலன்னா தாலியே கட்டிக்க மாட்டேன்னுட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற எப்படி அவரு வாய மூடுறது? ஓடும்ல?"

"ஓடும்" என்றேன். (குரல் கீச்சென்றுதான் வந்தது.)

அழைப்பு அன்று மதியம் வீடியோக்காரர் ஒரு யோசனை சொன்னார். பின்னால் உப்புக் குவியல், முன்னால் வண்டி, உப்பளப் பாத்தி ஓரத்துத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மாப்பிள்ளை வருகிற மாதிரி ஒரு ஷாட். எனக்கு அதைவிட என்ன வேண்டும்? மூன்று டேக் போனோம். தண்ணீர் பானட் உயரத்துக்குத் தெறித்தது.

சாயங்காலம் கோயில் வாசலில் சேகர் ஸ்டீயரிங்கில் உட்கார, நான் பக்கத்தில் பட்டு வேட்டியோடு உட்கார, மேளம் கிளம்பியது. கூடவே ஸ்டீயரிங் பக்கத்து சிவப்பு எண்களும் கிளம்பின.

அந்த எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேனின் முன்பக்கம் ஓர் அலுமினியப் பெட்டி உண்டு. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குத் தோதாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர். அதற்குள் மிளகு அளவில் ஒரு வெப்ப சென்சார். பெட்டி தொண்ணூறு டிகிரியைத் தாண்டினால் மோட்டார் நின்றுவிடும். அந்த சிவப்பு எண்கள் காட்டுவது பெட்டியின் சூட்டை. மீட்டரைப் பொருத்தியவன் நான். ஆகவே அது பொய் சொல்லாது என்று சத்தியமாக நம்பினேன்.

அறுபது. எண்பது. தொண்ணூற்றொன்று. வேன் நின்றது.

"ஓவர் ஹீட்டுடா!" என்று மாலையோடு குதித்தேன். அந்த நேரம் பார்த்து கூனிமேட்டிலிருந்து ஒரு மீன் வண்டி வந்தது. கையைக் காலைப் பிடித்து ஒரு சாக்கு ஐஸ் வாங்கி, பெட்டியின் மேல் கொட்டினேன்.

நூற்றுப் பத்து.

"இன்னும் கொட்டுடா!" என்று சேகர் கத்தினான்.

நூற்று இருபத்தைந்து. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். தெருப்பூனைகள் ஒவ்வொன்றாக ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டன. நூற்று நாற்பது ஆனபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏழுமலை வந்தார். பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார்.

"சில்லுனு இருக்குது மாப்ள."

"இல்லீங்க மாமா. நூத்தி நாப்பது டிகிரி."

"அப்ப ஐஸு ஏன் கரையல?"

"இது உள்சூடுங்க மாமா. கையில தெரியாது."

(இப்படி ஒரு பதிலைச் சொன்ன வாயை இன்றைக்கும் கண்ணாடியில் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

அவர் மண்டபத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "எம்பொண்ணு சொன்ன சொல்லு மாற மாட்டா" என்றார். அதில் மிரட்டல் இல்லை, கவலைதான் இருந்தது. தமிழரசி எனக்காகத்தான் அப்படிப் பேசினாள். அவளைத் தலைகுனிய வைக்கப்போகிறேன் என்று நினைத்தபோது, படித்த படிப்பெல்லாம் சுத்தமாக மறந்து, வேறு வழி தெரியாமல் சென்சார் ஒயரின் கனெக்டரைப் பிடுங்கினேன்.

மைனஸ் நாற்பது.

மரக்காணத்தில், ஆனி மாதத்தில், மைனஸ் நாற்பது! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த சென்சார் சூடு ஏற ஏற மின்சாரத்தை அதிகமாக விடும். மீட்டர் அதை வைத்துத்தான் டிகிரி சொல்லும்; மின்சாரமே வராவிட்டால் உறைபனி என்று நினைத்துக்கொள்ளும். கனெக்டரைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பின்களுக்கு நடுவே வெள்ளையாக உப்பு. மதியம் மூன்று டேக்கில் தெறித்தது. காய்ந்து கிடந்தவரை சும்மா இருந்தது. சாயங்காலக் கடல்காற்றில் ஈரம் வாங்கியதும், மின்சாரம் சென்சாரை விட்டுவிட்டு உப்பு வழியாகவே குறுக்கே பாய்ந்திருக்கிறது. போதாததற்கு நான் வேறு மீன் ஐஸ் தண்ணீரை ஊற்றி அந்தப் பாதையை அகலப்படுத்தியிருக்கிறேன். குளிர வைக்க வைக்க அது கொதித்த கதை இதுதான்.

பாட்டில் தண்ணீரில் கனெக்டரைக் கழுவி, பட்டு வேட்டி முனையால் துடைத்து, வாயால் ஊதி ஊதி உலர்த்தி மாட்டினேன். முப்பத்து நான்கு. வேன் பூனை போல நகர்ந்தது. நிஜப் பூனைகள் பின்னாலேயே வந்தன.

மண்டபத்து வாசலில் ஆரத்தி எடுக்க வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இடுப்பு வரை கவிச்சித் தண்ணீரோடு இறங்கினேன். தமிழரசி மாடி ஜன்னலில் நின்றிருந்தாள்.

"என்னப்பா, வண்டி ஓடிச்சா இல்லியா?" என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டாள்.

ஏழுமலை அண்ணாந்து பார்த்தார். "வண்டி ஓடுதும்மா. மாப்ளைக்குத்தான் சென்சார் வேலை செய்யல."

மண்டபமே சிரித்தது. மறுநாள் காலை நான் தாலி கட்டும்போதும் தமிழரசி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என் கோபத்துக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது. நான் எவ்வளவு நியாயமாகக் கத்தினாலும், தமிழரசி கிட்டே வந்து என் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். "சில்லுனுதான் இருக்குது, சாப்பிட வாங்க" என்பாள். இப்போது அவள் வேறு வேலையாக இருக்கும் நேரங்களில் என் மகள் ஸ்டூலைப் போட்டு ஏறி வைத்துப் பார்க்கிறாள்.